முன்பணத்துக்காக மலை ஏறலாமா?

டிசம்பர் மூன்றாவது வாரம். அரையாண்டுத் தேர்வின் கடைசித் தாளை எழுதிவிட்டுப் பிள்ளைகள் வீடு வந்தாயிற்று. குன்னூரில் மூன்று நாளைக்குக் காட்டேஜ், டெம்போ டிராவலருக்கு அட்வான்ஸ் என எல்லாம் அக்டோபரிலேயே கட்டியாகிவிட்டது. புறப்படுவதற்கு முந்தைய மாலை, நீலகிரிக்குச் சிவப்பு எச்சரிக்கை என்று செய்தி ஓடுகிறது. காட்டேஜுக்குப் போன் போட்டால், "ரோடு திறந்துதான் சார் இருக்கு, நீங்க வரலைன்னா பணம் திரும்பாது" என்கிறார்கள். வண்டிக்காரரும் அதையேதான் சொல்கிறார். கூடத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுகிறார்கள். கடைசியில் யாராவது ஒருவர் சொல்வார்: "கட்டின பணம் வீணாப் போகணுமா? மெதுவாப் போய்ச் சேர்ந்துடலாம்." மறுநாள் விடியலில் வண்டி மேட்டுப்பாளையம் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்புகிறது. இப்படி எத்தனையோ வீடுகள்.

இந்தக் குடும்பத்தைப் பொறுப்பற்றவர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஒவ்வொரு மண்சரிவுக்குப் பிறகும் தொலைக்காட்சி விவாதங்களில் அதைத்தான் சொல்கிறோம். ஆனால் அவர்கள் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுத்திருக்கிறார்கள். போகாவிட்டால் இருபதாயிரமோ முப்பதாயிரமோ நஷ்டம், அது உறுதி. போனால் வழியில் சிக்குவது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். உறுதியான நஷ்டமும் நிச்சயமில்லாத ஆபத்தும் எதிரெதிரே நின்றால் மனித மனம் பெரும்பாலும் ஆபத்தின் பக்கம்தான் சாயும். ஆகவே, கெட்ட வானிலையில் கலைந்துபோன பயணத்தின் நஷ்டத்தை யார் சுமப்பது என்பது வெறும் பணத் தகராறு அல்ல. எச்சரிக்கை நாளில் மலைப்பாதையில் எத்தனை வண்டிகள் ஏறும் என்பதையே அது தீர்மானிக்கிறது. பயணக் காப்பீட்டைப் பேச எடுத்ததற்குக் காரணம் இதுதான்.

வடக்கே குளிர்கால விடுமுறைக்குக் குறுக்கே நிற்பது பனியும் மூடுபனியும். நமக்கு அந்த விடுமுறையே புயல் காலத்தின் கடைசிப் பகுதியில் வருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்க்கிறது. கார்த்திகை தீபம், ஐயப்ப சீசன், வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸ், அரையாண்டு விடுமுறை எல்லாம் அதே மாதங்களில். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பயணிகள் ரயிலை, உள்ளே இருந்த நூறுக்கும் மேற்பட்டவர்களோடு கடல் கொண்டுபோனது. 2015 டிசம்பர் 1 இரவு சென்னை விமான நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்ததால் அது பல நாட்கள் மூடிக் கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்களை இயக்க வேண்டியதாயிற்று. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல், 2023 டிசம்பர் 4-ல் மிக்ஜாம், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல். மூன்று முறையும் அதே விமான நிலையம் மூடப்பட்டது. ஃபெஞ்சல் கரை கடந்த மறுநாள் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்ணும் பாறையும் உருண்டு ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு தீபத்தன்று பக்தர்கள் மலை ஏற அனுமதியில்லை. இத்தனை முறை வந்த பிறகும் ரசீதுகளில் மட்டும் புயலை "எதிர்பாராத நிகழ்வு" என்றே அச்சடித்துக்கொண்டிருக்கிறோம். எந்தத் தேதியில் என்பதுதான் எதிர்பாராதது. வரும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இப்போது நஷ்டம் யார் தலையில் விழுகிறது?

ரயிலில் நிலைமை பரவாயில்லை. ரயில்வே தானாக ஒரு வண்டியை ரத்து செய்தால் முழுக் கட்டணமும் திரும்பும். இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்கு அது வங்கிக் கணக்குக்கே வந்துவிடும். கவுண்டரில் எடுத்ததென்றால் டிக்கெட்டைக் கொடுத்து வாங்க வேண்டும். புறப்பாடு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் ஏறவில்லை என்றாலும், வண்டி கிளம்புவதற்குள் உரிய முறையில் கோரினால் முழுப் பணம் கிடைக்கும். சிக்கல் ஒரு ரயிலில் இல்லை, அதைத் தொடர்ந்து வருவதில் இருக்கிறது. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு முழுக்கப் பயணித்துக் காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்குகிறீர்கள். கல்லாறுக்கும் ஹில்குரோவுக்கும் இடையே தண்டவாளத்தில் மண் சரிந்ததால் மலை ரயில் ரத்து. வடகிழக்குப் பருவத்தில் இது அடிக்கடி நடப்பதுதான். மலை ரயில் டிக்கெட்டின் பணம் வந்துவிடும். எக்ஸ்பிரஸ் உங்களை ஒழுங்காகக் கொண்டுவந்து விட்டது, அதற்குத் திரும்பப் பெற ஒன்றுமில்லை. மேலே காத்திருக்கும் காட்டேஜுக்கும் ஊட்டியில் பேசிய காருக்கும் ரயில்வே பொறுப்பல்ல. ஒவ்வொருவரும் தன் பங்கைச் சரியாகவே செய்திருக்கிறார்கள்; ஆனாலும் பயணம் கெட்டது.

விமானத்தில், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகள் வானிலையை நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டதாகவே கருதுகின்றன. எனவே ரத்துக்கோ தாமதத்துக்கோ நஷ்டஈடு கிடையாது. விமானம் ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கும் உரிமையும், காத்திருக்கும் நேரத்தில் உணவும் சிற்றுண்டியும் பயணிக்கு உண்டு. ஏஜென்ட் வழியாக எடுத்த டிக்கெட்டாக இருந்தாலும் பணத்தைத் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான். 2024 ஜனவரி நடுவில் டெல்லி மூடுபனியால் நாடெங்கும் விமானங்கள் தாறுமாறானபோது, மும்பையில் பயணிகள் விமானத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட காட்சி எல்லோர் செல்போனிலும் வந்தது. அதையடுத்து இயக்குநரகம் வெளியிட்ட நடைமுறையில், மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்த விமானத்தை முன்னதாகவே ரத்து செய்து அறிவிக்கலாம் என்றது. நல்ல ஏற்பாடு. ஏனென்றால் வீட்டிலிருக்கும்போது வரும் கெட்ட செய்தியின் விலை, விமான நிலையத்தில் வரும் அதே செய்தியின் விலையைவிடக் குறைவு.

வானிலை என்ற சொல் எல்லாருக்கும் வசதியான மறைவிடமாகவும் ஆகக்கூடும். 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்காவைப் பனிப்புயல் தாக்கியது. மற்ற விமான நிறுவனங்கள் சில நாட்களில் சுதாரித்துக்கொண்டன. சவுத்வெஸ்ட் நிறுவனத்தால் முடியவில்லை. எந்த விமானி எந்த ஊரில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கும் ஏற்பாடே குலைந்து, 16,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. அடுத்த ஆண்டு அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை விதித்த அபராதம் 14 கோடி டாலர். தொடங்கிவைத்தது பனிதான், இழுத்தடித்தது நிர்வாகம். இந்த வேறுபாட்டைப் பார்க்கும் கண் நம்மூர் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும் வேண்டும்.

அடுத்து தங்குமிடமும் வேனும். இங்கேதான் நடைமுறையில் விதி என்று எதுவுமே இல்லாத வெளி. ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்று 1872-லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. எட்டாயிரம் ரூபாய் அறை வாடகைக்காக யார் அதைத் தூக்கிக்கொண்டு போவார்கள்? காட்டேஜ்காரர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. மலையூரில் ஹோம்ஸ்டே நடத்தும் குடும்பத்துக்கு மே மாதம் ஒரு அறுவடை, டிசம்பர் கடைசி இன்னொரு அறுவடை. இந்தப் பத்து நாளில் வருவதுதான் பல மாத மின்கட்டணமும் ஆள் சம்பளமும். காய்கறி வாங்கிப் போட்டிருப்பார், சமையலுக்கு ஆள் வைத்திருப்பார். எல்லாருக்கும் முழுப் பணத்தைத் திருப்பிக் கொடு என்றால் அவர் படுத்துவிடுவார். வண்டிக்காரர் நிலை இன்னும் மோசம். மாதத் தவணை வானிலை அறிக்கை பார்த்து நிற்பதில்லை. எச்சரிக்கை நாளில் வண்டியை எடுக்கும் ஓட்டுநரைத் திட்டுவதற்கு முன், அவர் எடுக்காவிட்டால் அந்த நாளின் வருமானத்தை யார் கொடுக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிக் குற்றவாளி இல்லாத நஷ்டத்தைப் பலர் தோளில் பரப்பி வைப்பதற்காகவே காப்பீடு என்ற ஏற்பாடு உண்டானது. உள்நாட்டுப் பயணத்துக்கும் பாலிசிகள் இருக்கின்றன. பிரீமியம் பெரும்பாலும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். பயண ரத்து, தாமதம், தொடர் ரயிலையோ விமானத்தையோ தவறவிடுவது, பெட்டி காணாமல் போவது, மருத்துவச் செலவு ஆகியவை பொதுவாக அவற்றில் இருக்கும். ஆனாலும் டிசம்பர் மழையில் நனைந்தவர்களைக் கேட்டால் கிளைம் கிடைத்தவரைவிடக் கிடைக்காதவர் கதைதான் அதிகம் காதில் விழும். ஏமாற்று என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட வேண்டாம். பாதிக்கு மேல், எதை எப்போது வாங்கினோம் என்பதில் கிடக்கிறது.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகி, புயலுக்குப் பெயரும் வைத்த பிறகு அவசரமாக பாலிசி எடுத்தால், அந்தப் புயலால் வரும் நஷ்டத்துக்கு அது பொதுவாகப் பொருந்தாது. முன்பே தெரிந்த நிகழ்வு என்று ஒதுக்கிவிடுவார்கள். இது அநியாயம் போலத் தோன்றும். மொய் நோட்டை நினைத்தால் புரிந்துவிடும்: ஊரார் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் எழுதி வந்தவருக்குத்தான் தன் வீட்டு விசேஷத்தில் மொய் திரும்பும், பத்திரிகை அடித்த பிறகு எழுதத் தொடங்கினால் யார் திருப்புவார்கள்? புயல் அறிவிப்புக்குப் பின்னால் மட்டும் எல்லாரும் வாங்குவதாக இருந்தால் ஒன்று நிறுவனம் மூடப்படும், அல்லது பிரீமியம் டிக்கெட் விலையைத் தொடும். அறைக்குப் பணம் கட்டும் அன்றே பாலிசியும் எடுப்பது ஒன்றே வழி. வெயில் அடிக்கும் நாளில் குடைக்குச் செலவழிக்க மனம் வராதுதான்.

தாமதத்துக்கும் ஒரு வாசல்படி உண்டு. இத்தனை மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால்தான் பணம் என்று பாலிசியில் இருக்கும். அந்த எண்ணைப் பார்க்காமல் வாங்குகிறவர்களே அதிகம். வெளிநாடு போகிறவர்களிடம் வேறொரு தவறான நம்பிக்கை. டிசம்பரில் சுவிட்சர்லாந்துப் பனி பார்க்கப் போக ஷெங்கன் விசா எடுக்கும்போது 30,000 யூரோவுக்குக் காப்பீடு கட்டாயம். அதை எடுத்தவர்கள், எல்லாவற்றுக்கும் காப்பீடு ஆயிற்று என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தக் கட்டாயம் மருத்துவ அவசரத்துக்கும் உடலைத் தாய்நாடு கொண்டுவருவதற்கும் மட்டுமே. பனியால் விமானம் நின்றால் அந்தக் கட்டாயப் பகுதி வாய் திறக்காது. அதற்கான பிரிவு பாலிசியில் தனியாக இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

நான் மிகப் பெரிய ஓட்டை என்று நினைப்பது வேறு. வழக்கமான ரத்துப் பிரிவு, பயணம் நடக்க முடியாமல் போனால்தான் பணம் தரும். விமானமோ ரயிலோ நின்றிருக்க வேண்டும், சாலை மூடியிருக்க வேண்டும். சிவப்பு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, சாலை திறந்திருந்தும், குழந்தைகளை வைத்துக்கொண்டு போக வேண்டாம் என்று ஒரு தகப்பன் முடிவெடுத்தால்? அது அவர் விருப்பத்தில் செய்துகொண்ட மாற்றம், கிளைம் இல்லை. அரசு "அத்தியாவசியத் தேவையின்றிப் பயணம் வேண்டாம்" என்று கெஞ்சுகிறது. அந்தச் சொல்லைக் கேட்டவருக்கு நஷ்டம். கேட்காமல் கிளம்பிப் பாதி வழியில் மாட்டிக்கொண்டவருக்கு, பாலிசி இருந்தால், பணம். இதைவிடத் தலைகீழான பரிசுத் திட்டத்தை யாரும் திட்டமிட்டுக்கூட உருவாக்க முடியாது.

ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் டிக்கெட் எடுக்கும்போது 45 காசுக்கு வரும் காப்பீட்டையும் இங்கே சொல்ல வேண்டும். 45 காசுக்கு உயிரிழப்புக்கோ நிரந்தர முழு ஊனத்துக்கோ 10 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம் வரை என்பது உண்மையிலேயே மலிவு. எடுக்காமல் விடுவது அறிவீனம். ஆனால் அது ரயில் விபத்துக்கும் ரயில்வே சட்டம் வரையறுக்கும் அசம்பாவிதங்களுக்கும் உரியது. மழையால் ரயில் நின்றுபோவதற்கு அல்ல.

2023 டிசம்பர் 17 இரவை நினைத்துப் பாருங்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அங்கிருந்து செய்துங்கநல்லூர் வரையிலான தடத்தில் ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போக, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அன்றைய ஒரு நாளில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை. வண்டியில் ஏறக்குறைய 800 பேர். நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதவே கை வரவில்லை. சிலர் பக்கத்துப் பள்ளியிலும், மற்றவர்கள் ரயில் நிலையத்திலும் பெட்டிகளிலுமாக இரண்டு இரவுகள் கிடந்தார்கள். சுற்றிலும் தண்ணீர். ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலங்களோடு வருவதற்கு முன்னால் அவர்களுக்குச் சமைத்துப் போட்டது பக்கத்திலிருந்த புதுக்குடி கிராமத்து மக்கள். அவர்கள் வீடுகளும் அதே மழையில்தான் இருந்தன. 19-ஆம் தேதி பயணிகள் மீட்கப்பட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள்.

யாருக்கும் காயமில்லை என்பதால் 45 காசுக் காப்பீட்டுக்கு அங்கே வேலையில்லை. அந்த 800 பேரைக் காத்தவை, சரியான நேரத்தில் வண்டியை நிறுத்திய முடிவும் முன்பின் தெரியாதவர்களுக்கு உலை வைத்த ஊரும். இரண்டுக்கும் பிரீமியம் கிடையாது. காப்பீட்டைப் பற்றி எழுதும் கட்டுரையில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சமூகம் தன் பங்கை ஏற்கெனவே, யாரும் கேட்காமலே, அரிசியாகவும் பருப்பாகவும் செலுத்திக்கொண்டிருக்கிறது. கணக்கு வைத்துக்கொள்ளும் நிறுவனங்களிடம்தான் நாம் பங்கு கேட்க வேண்டியிருக்கிறது.

அவர்களிடம் என்ன கேட்பது? முதலில், எச்சரிக்கையே கிளைமுக்குப் போதுமான காரணமாக வேண்டும். பயணம் தொடங்கும் நாளில் அந்த மாவட்டத்துக்கு வானிலை ஆய்வு மையத்தின் சிவப்பு எச்சரிக்கை இருந்தாலோ, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் சுற்றுலா இடங்களை மூடியிருந்தாலோ, பயணி போகாமல் இருந்ததற்காகப் பாலிசி பணம் தர வேண்டும். இரண்டுமே பகிரங்கமான ஆவணங்கள். பயணி மருத்துவச் சான்று போல எதையும் தேடி அலைய வேண்டியதில்லை, நிறுவனமும் பொய்க் கோரிக்கைக்குப் பயப்பட வேண்டியதில்லை. பிரீமியம் கொஞ்சம் ஏறும். ஏறட்டும். மாட்டிக்கொண்ட பிறகு மீட்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை.

இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகலாம். மழைமானி இன்ன அளவைத் தாண்டினால், விமானம் இத்தனை மணி நேரம் தாமதித்தால், விண்ணப்பமே இல்லாமல் பணம் கணக்குக்கு வந்துவிடும் வகைக் காப்பீடுகள் உலகில் இருக்கின்றன. பிரான்சின் ஆக்ஸா நிறுவனம் 2017-ல் விமானத் தாமதத்துக்கு இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. போதிய பேர் வாங்காமல் இரண்டு ஆண்டுகளில் நிறுத்தியது. நம் நாட்டில் நாகாலாந்து அரசு 2024-ல் பேரிடருக்காக மாநில அளவில் இம்மாதிரி பாலிசி எடுத்திருக்கிறது. குறையும் உண்டு. காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்த அதே நாளில், சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருச்செந்தூரில் பதிவானது 69. இரண்டுமே வெள்ளம்தான், ஆனால் கோட்டை 70-ல் கிழித்திருந்தால் ஓர் ஊருக்குப் பணம் வரும், மற்றதற்கு வராது. மலையில் இந்த வேறுபாடு இன்னும் கூடும். குன்னூர் மழைமானி கோத்தகிரிக்குச் சாட்சி சொல்ல முடியாது. எனவே எல்லாவற்றுக்கும் இது மருந்தல்ல. விமானத் தாமதத்துக்கும் ரயில் ரத்துக்கும் மட்டுமாவது இப்படிச் செய்யலாம். நிமிடக் கணக்கு வரை தகவல் எல்லார் கையிலும் இருக்கும்போது பயணியிடம் "தாமதச் சான்றிதழ்" கேட்பதில் என்ன பொருள்?

விற்கும் முறையும் திருந்த வேண்டும். டிக்கெட் தளங்களில் காப்பீட்டுக் கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே சொன்னது. காப்பீடு வேண்டாம் என்பவரைக் கூச்சப்படுத்தும் வாசகங்களைத் திரையில் காட்டுவதை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் முறையற்ற வணிக உத்தியாகவே பட்டியலிட்டன. அதற்கு அவை காட்டும் உதாரணமே விமான டிக்கெட் தளத்தில் காப்பீட்டைத் தவிர்ப்பவரைப் பற்றியதுதான். மிரட்டி விற்கப்பட்ட பொருளை யாரும் படித்துப் பார்ப்பதில்லை. மருத்துவக் காப்பீட்டுக்கு எளிய மொழியில் தகவல் தாள், கேட்டால் உள்ளூர் மொழியிலும் என்ற ஒழுங்கு 2024 ஜனவரியிலிருந்து வந்திருக்கிறது. பயணக் காப்பீடு விற்கும் செல்போன் திரை வரை அது வந்து சேர வேண்டும். எது கிடைக்காது என்பதைத் தமிழில் ஐந்து வரியில் சொல்ல முடியாத நிறுவனம் தமிழரிடம் பிரீமியம் வாங்கக் கூடாது என்பது என் கட்சி. கிளைம் மறுக்கப்பட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் சென்னையிலேயே இருக்கிறார். முதலில் நிறுவனத்திடம் முறையிட்டு, ஒரு மாதத்துக்குள் சரியான பதில் வராவிட்டால் அவரிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். பயணக் காப்பீட்டுக்காக அந்தக் கதவைத் தட்டலாம் என்று தெரிந்தவர்களே குறைவு.

தங்குமிடக்காரர்களோடு சமரசம் எப்படி? இதற்கு முன்மாதிரி இருக்கிறது. கொரோனா ஊரடங்கில் ரத்தான விமான டிக்கெட்டுகள் தொடர்பாக 2020 அக்டோபர் 1-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, உடனே பணம் திருப்ப முடியாத நிறுவனங்களுக்கு அந்தத் தொகையைப் பயணி பெயரில் கடனாக வைத்துக்கொள்ள வழி விட்டது. 2021 மார்ச் வரை எந்தத் தடத்திலும் பயன்படுத்தலாம், வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம், காலம் போகப் போக மாதத்துக்கு 0.5 சதவீதம், பிறகு 0.75 சதவீதம் மதிப்பு கூடும். நிறுவனம் மூழ்கவில்லை, பயணி முழுதாக இழக்கவும் இல்லை. அதே தர்க்கம் குன்னூர் காட்டேஜுக்கும் ஏற்காட்டு ஹோம்ஸ்டேவுக்கும் பொருந்தும். சிவப்பு எச்சரிக்கை நாளுக்குப் பதிவு செய்தவருக்கு, ஓராண்டுக்குள் வேறு தேதி, கூடுதல் கட்டணமின்றி. அவரால் வர முடியாவிட்டால் அக்காள் குடும்பம் வரட்டும். வேன் அட்வான்ஸுக்கும் அப்படியே, ஓட்டுநரின் அன்றைய படியை மட்டும் கழித்துக்கொண்டு. ஊட்டி, கொடைக்கானல் போகிற வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. யார், எந்த நாளில் வருகிறார்கள் என்பது அரசுக்கு முன்பே தெரியும். எச்சரிக்கை வந்ததும் அவர்களின் செல்போன் எண்களுக்குச் செய்தி அனுப்பி, வேறு தேதிக்கு பாஸை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் பாதி வண்டிகள் வீட்டு வாசலிலேயே நின்றுவிடும்.

பயணிகளும் சுத்தமில்லை. வேறு காரணத்துக்காகப் பயணத்தைக் கைவிட்டு மழையின் மேல் பழி போடுபவர்கள், கிளைமுக்காக ஹோட்டல் பில்லைத் திருத்துபவர்கள், மூடிய அருவிக்குத் தடுப்பைத் தாண்டிப் போய் வீடியோ எடுப்பவர்கள் எல்லாரும் நமக்குள்ளேதான் இருக்கிறார்கள். இவர்களுக்கான விலையை அடுத்த ஆண்டு பிரீமியத்தில் நேர்மையானவர்கள் கட்டுகிறார்கள். டிசம்பர் பயணத்தில் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்வது, திரும்பும் ரயிலுக்கும் மறுநாள் அலுவலகத்துக்கும் இடையே மூச்சுவிட இடம் விடுவது போன்றவற்றை எந்தப் பாலிசியும் நமக்காகச் செய்யாது. பள்ளிகள் சுற்றுலா அழைத்துப் போகும்போது பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் மட்டும் வாங்குகின்றன. மொத்த மாணவர்களுக்கும் ஒரே குழுக் காப்பீடு எடுத்து, அதன் நகலை அந்தக் கடிதத்தோடு இணைப்பது பெரிய வேலையில்லை. குழுவாக எடுத்தால் ஆபத்தான ஊருக்குப் போகிறவர்கள் மட்டும் சேர்வது என்ற சிக்கலும் காப்பீட்டு நிறுவனத்துக்குக் குறையும், விலையும் இறங்கும்.

சுற்றுலாத் துறை, மாவட்ட ஆட்சியர்கள், ஹோட்டல் மற்றும் வாகன உரிமையாளர் சங்கங்கள், காப்பீட்டு நிறுவனங்கள் ஆகியோர் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஒரு நாளில் முடியக்கூடிய உடன்பாடு இது. புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் எப்போது உட்காருகிறார்கள் என்பது முக்கியம். பருவமழை முன்னேற்பாட்டுக் கூட்டங்கள் செப்டம்பரில் நடக்கின்றன; அவற்றில் மணல் மூட்டை, படகு, மின்கம்பம் எல்லாம் பேசப்படுகின்றன, பயணிகளின் முன்பணம் பேசப்படுவதில்லை. ரயில் முன்பதிவுக் காலம் இப்போது 60 நாட்கள். டிசம்பர் 24 வண்டிக்கான டிக்கெட் அக்டோபர் 25 காலையில் விற்பனைக்கு வரும். அன்றே காட்டேஜுக்கும் வேனுக்கும் போன் பறக்கும். தேதி மாற்றும் உரிமை ரசீதில் அச்சாகியிருக்க வேண்டுமென்றால் உடன்பாடு அந்தக் காலைக்கு முன்பே ஆக வேண்டும்.